இருநூறு வெள்ளி டீசலில் மலாக்கா

எதற்குப் போனோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேனை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யப் போனோம். ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை கிள்ளானில் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினோம். நான்கு நாள், 495 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போனால் மலாக்கா இரண்டு மணி நேரத்து ஊர், அதற்கு நான்கு நாளா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கிளம்புவதற்கு முன் அதையேதான் கேட்டேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஓர் அறிமுகம். நான் விஜி. ஒரு வன்பொருள் கடையில் கணக்கு எழுதி, போன வருடம் ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் மணியம், இருபத்தேழு வருடம் இரவு பஸ் ஓட்டியவர். கோத்தா பாருவும் ஜொகூர் பாருவும் இவருக்குக் கைரேகை மாதிரி, ஆனால் எல்லாம் இருட்டில் பார்த்தது. விடியற்காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, பகலெல்லாம் தூங்கி, பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவார். ஓய்வு பெற்ற கையோடு பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, பின்னால் கட்டிலும், ஒரு சின்ன அடுப்பும், கை கழுவும் தொட்டியும், அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டினார். நடுவில் நான்கு பேர் உட்காரும் இருக்கையை மட்டும் எடுக்காமல் விட்டார். ஓட்டிய ஊரையெல்லாம் பகலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் இவருடைய ஆசை.

இந்த வருடம் மலேசியத் தீபகற்பத்தை ஒரு சுற்று சுற்றுவதாக இருந்தோம். நாற்பது நாள், கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். அந்த நேரம் பார்த்து டீசல் மானியத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட், பதினைந்து காசுக்கு அடித்த லிட்டர், விடிந்து பார்த்தால் மூன்று வெள்ளி முப்பத்தைந்து காசு. எங்கள் வேன் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். 573 வெள்ளியில் முடிய வேண்டிய சுற்று 893 வெள்ளிக்குப் போய் நின்றது. முன்னூற்று இருபது வெள்ளிக்காகவா பயணத்தை நிறுத்தினீர்கள் என்று கேட்கலாம். சாலை வரி, காப்புறுதி, முகாம் கட்டணம், சாப்பாடு எல்லாம் ஏறிக்கொண்டே போக, டீசல் வந்து கழுத்தைப் பிடித்தது. ஏழு வாரம் வண்டி வாசலிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் மட்டும் அதைக் கழுவினார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, ஓடாத வண்டிக்கு எதற்குக் குளியல் என்று கேட்டேன்.

விற்றுவிடலாம் என்று சொன்னவள் நான்தான். இவர் மறுத்துப் பேசவில்லை, கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் ஒரு ரூல்ஸ் போட்டேன். மொத்த டீசல் இருநூறு வெள்ளி. அதற்குள் பயணத்தை முடித்துவிட்டால் இனி வண்டியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். ஒரு வெள்ளி கூடினாலும் வண்டியை விற்க வேண்டும். மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நான் போட்டிருந்த விற்பனை விளம்பரத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். மலாக்காவைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். பழைய விலையில் இருநூறு வெள்ளிக்கு 837 கிலோமீட்டர் போகலாம், இப்போது 537. முன்னூறு கிலோமீட்டர் எங்கே போனது என்று தெரியவில்லை.

வியாழன் காலை 6.40க்குக் கிளம்பினோம். காலியாகக் கிடந்த டேங்கில் 150 வெள்ளிக்கு, அதாவது 44.8 லிட்டர் டீசல் போட்டோம். மீதி ஐம்பது வெள்ளியை ஒரு உறையில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு பந்திங், போர்ட்டிக்சன், கோலா லிங்கி வழியாகக் கடலோரமாகப் போனோம். டோல் மிச்சம். மணிக்கு எழுபதுக்கு மேல் போகக்கூடாது, ஏர்கோன் போடக்கூடாது என்பதெல்லாம் இவராகவே தன்மேல் சுமத்திக்கொண்டது. நான் நிரப்பி வைத்த அறுபது லிட்டர் தண்ணீரில் பாதியை எனக்குத் தெரியாமல் இறக்கியிருந்தார், பாரம் குறையுமாம். இரவு பஸ்ஸில் நூற்றுப் பத்தில் பறந்தவர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியெல்லாம் எங்களை முந்திப் போவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்து குறை சொன்னால் இவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தேன்.

மலாக்காவின் கடற்கரையான கிளேபாங்கை அடைந்தபோது மணி 12.25. மொத்தம் 168 கிலோமீட்டர். வழியில் காலைச் சாப்பாடும் இரண்டு டீயும் சேர்த்து 19 வெள்ளி. கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தலாமா என்று அங்கே கடை போட்டிருந்த மலாய் அக்காவிடம் கேட்டோம். குப்பை போடாமல் இருந்தால் சரி என்றார். அவர் கடையிலேயே தேங்காய் ஷேக் வாங்கினோம், இரண்டும் சேர்த்து 10 வெள்ளி. சாயங்காலம் வரை இவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடலையே பார்த்தார். ஜொகூர் பஸ் ஓட்டிய நாளில் மலாக்காவை ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆயிரத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டார். உறையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை டூரியான் துங்கால் பக்கம் போய், வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். ஆளுக்கு 11 வெள்ளி, ரசம் நன்றாக இருந்தது. அங்கிருந்து செலண்டார். கிளேபாங்கிலிருந்து சுற்று வழியையும் சேர்த்து 51 கிலோமீட்டர். இருபக்கமும் ரப்பர் பால்மரமும் செம்பனையுமாக இருக்கும் சாலை, மழை பெய்து ஓய்ந்திருந்ததால் காற்று குளிர்ந்திருந்தது. நான்கு மணிக்கு ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். டேங்கில் இன்னும் இருபது லிட்டர் இருந்தது. கடைசி ஐம்பதையும் போட்டுவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது, வீடு வரை போதும் என்றார் இவர். இவர் கழிவறைக்குப் போக, நான் உறையை எடுத்துக்கொண்டு போய், மூன்றாம் நம்பர் பம்புக்கு என்று சொல்லி ஐம்பது வெள்ளியைக் கட்டினேன்.

இனிமேல் எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம். டீசல் வண்டி வைத்திருக்கும் வீடுகளில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். வீட்டில் நான் ஓட்டுவது சின்ன பெட்ரோல் கார். இருபது வருடமாகக் கை போகும் இடம் பெட்ரோல் வரும் மஞ்சள் குழாய்தான், அன்றைக்கும் அங்கேயே போனது. வேனில் டேங்க் மூடி மேல் டீசல் என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதன் மேல்தான் இவர் போன வருடம் புதுச் சாயம் அடித்தார். மீட்டர் ஓட ஓட நான் லிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தில் நிற்க வேண்டியது பதினெட்டைத் தாண்டி, இருபதைத் தாண்டி, இருபத்து நான்கில் வந்து நின்றது. ஐம்பது வெள்ளிக்கு இவ்வளவா, இந்த ஊரில் விலை குறைவு போலிருக்கிறது என்று சந்தோஷமாக மூடியைத் திருகினேன். மானியம் இன்னும் எடுக்காத பெட்ரோல்தான் லிட்டர் இரண்டு வெள்ளி ஐந்து காசு என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவள் நான், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவர் வந்து ஏறி உட்கார்ந்து சாவியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. "மூணாம் நம்பர் ஆண்ட்டி, சாவி போட வேணாம். அங்கிள்கிட்ட சொல்லுங்க, சாவி போட வேணாம்." கல்லாவில் இருந்த லதா என்ற பெண். முப்பது வயது இருக்கும். வேனைப் பார்த்ததும் டீசல் வண்டி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முன்னால் நின்ற ஆளுக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினால் திரையில் பெட்ரோல் ஓடி முடிந்திருக்கிறது. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

இவர் இறங்கி வந்து மஞ்சள் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ போச்சு?"

"அம்பது வெள்ளி."

"காச கேக்கல. எத்தன லிட்டரு?"

"இருபத்தி நாலு."

தலையை ஆட்டிக்கொண்டார். "வா, மொதல்ல டீ குடிப்போம்," என்றார். இரண்டு நாளாக வியர்வையில் குளித்து, ஒவ்வொரு சொட்டாக மிச்சம் பிடித்தவர் இந்த மனிதர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஸ்டிக்கர் கதையை எடுத்திருப்பேன், சரிக்குச் சரி ஆகியிருக்கும். திட்டாமல் டீ வாங்கிக் கொடுத்ததுதான் என்னை அடித்துப் போட்டது.

லதாவே பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வண்டி பழுதுபார்க்கும் போர்மேன் ஒருவருக்கு போன் போட்டாள். அவர் பெயர் குணா. முதலில் ஒன்றைத்தான் கேட்டாராம், ஸ்டார்ட் பண்ணினார்களா என்று. இல்லை என்றதும் வருகிறேன் என்றார். எண்ணெய் நிலையத்துக்குள் டேங்கை இறக்கக்கூடாது, ஆபத்து. பட்டறை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதனால் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரோடு வந்து சேர்ந்தார். கயிறு கட்டி எங்கள் வேனை இழுத்துக்கொண்டு போனது டிராக்டர். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வேடிக்கை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இவர் என் பக்கம் திரும்பி, இதுதான் விஜி நம்ம பயணத்திலேயே டீசல் செலவில்லாத தூரம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

பட்டறையில் குணா டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணிருந்தா பம்ப்பு, இஞ்செக்டர் எல்லாம் மாத்தணும் லா அண்ணே. மூவாயிரம், நாலாயிரம்னு போயிருக்கும். அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல டீ வாங்கிக் குடுங்க," என்றார். வேலையைக் காலையில்தான் செய்ய முடியும், மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, அன்று ராத்திரியே விளக்குக்கு ஜெனரேட்டர் கட்டப் போக வேண்டும் என்றும் சொன்னார். தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வேனுக்குள் கட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வீட்டோடு மாட்டிக்கொண்டவர்களை அவர் இதுவரை பார்த்ததில்லையாம். அவர் மனைவி சாந்தி இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டு முடித்ததும் இவர் போனை எடுத்து, பாயா ரும்புட் ஆசிரியரை அழைத்து, ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளேபாங்கில் பார்க்கலாம் என்று உறுதி செய்தார். நான் கேட்காமலே, "ரூல்ஸ் ரூல்ஸ்தானே," என்றார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் குணா வேலையைத் தொடங்கினார். நாற்பத்து நான்கு லிட்டர் கலவையையும் இறக்கி, இயந்திர பாகம் கழுவ ஆகும் என்று பீப்பாயில் ஊற்றி வைத்தார். டேங்கைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டார். ஃபில்டர் 35 வெள்ளி. எண்ணெய் நிலையத்திலிருந்து டீசல் கொண்டுவந்து ஊற்றி, காற்றை எடுத்துவிட்டு, ஒன்பதரைக்கு இவரிடம் சாவியைக் கொடுத்தார். வேன் ஒரு தடவை இருமியது, இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்குக் காசு வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக ஓர் உதவி கேட்டார்.

இந்தத் தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுதான். ஆனால் திருவிழா என்றால் பாயா ரும்புட்டிலும் பட்டணத்திலும் இருப்பவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அன்னதானச் சமையலுக்குக் காய் வெட்டும் பெண்களை, ஒவ்வொரு வருடமும் ஒரு வேன்காரர் இரண்டு நடையில் கூட்டி வருவார். டீசல் ஏறியதால் அவரும் கூலியை ஏற்றிவிட்டார், கோயில் கமிட்டி ஒரு நடைக்குத்தான் காசு கட்டியிருந்தது. மீதி ஐந்து பேர் பாயா ரும்புட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். முன்னூறு பேருக்குச் சாம்பார், வெங்காயம் உரிக்க ஆளில்லை என்று சாந்தி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஒரே ஒரு நடை போய்ட்டு வாங்கண்ணே. கூலியெல்லாம் அதுலயே சரியாப் போயிரும்," என்றார் குணா.

போக வர 66 கிலோமீட்டர். ஏழு லிட்டருக்கு மேல் டீசல். இவர் என் முகத்தைப் பார்த்தார். இருநூறு எப்போதோ உடைந்து போயிருந்தது, உடைத்தவளும் நான்தான். போகலாம் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். சாந்தி பின்னாலேயே ஓடி வந்து எட்டுக் கிலோ சின்ன வெங்காயத்தை மூட்டையாக வண்டிக்குள் வைத்தார். வருகிற வழியிலேயே உரித்துவிடுங்கள், அரை மணி நேரம் மிச்சம் என்றார்.

பாயா ரும்புட் குடியிருப்புத் தாமானில் ஐந்து பேரும் ஒரு கார் கொட்டகை நிழலில், ஆளுக்கொரு கத்தியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒருவர், நடு இருக்கையில் நான்கு பேர், இவர் பக்கத்தில் நான் என்று எல்லாருக்கும் பெல்ட் மாட்டிக் கிளம்பினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் மடக்கு மேசை இறங்கியது, வெங்காயம் கொட்டியது. தோல் ஒரு பையில், உரித்தது எங்கள் கை கழுவும் தொட்டியில். வீட்டுக் கடனும் மருமகள் கதையும் யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வேலை கிடைத்தது என்பதும் வெங்காயத்தோடு சேர்ந்து உரிந்தன. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. நான்கு வருடத்தில் அந்த வேனுக்குள் இவ்வளவு சத்தம் நான் கேட்டதே இல்லை. திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன், கல்யாண பஸ் ஓட்டுகிற மாதிரி இருந்தார்.

ஐவரில் மூத்தவர் பார்வதி அக்கா. நகராட்சி அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதுல எத்தன பேரு போவீங்க?"

"நாங்க ரெண்டு பேருதாங்க்கா."

"ரெண்டு பேருக்கா இம்மாம் பெரிய வண்டி? அப்புறம் எண்ண வெல ஏறிருச்சின்னா எப்புடி?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை, கூடவே வந்தது. ஏழு வாரமாக நான் வைத்திருந்த கணக்கில் கிலோமீட்டர் இருந்தது, லிட்டர் இருந்தது, விலை இருந்தது. ஆள் கணக்கு மட்டும் எந்த வரியிலும் இல்லை. காலியாக இருந்த அந்த நான்கு இருக்கைகளையும் சேர்த்துத்தானே இத்தனை நாள் டீசல் போட்டு இழுத்துக்கொண்டு போனோம்.

பதினொன்றேகாலுக்குக் கோயிலை அடைந்தோம், உரித்த வெங்காயத்தைக் கழுவிக் கொடுத்தோம். ஒன்றரைக்குப் பந்தி. சாம்பார், முருங்கைக்காய், பூசணிக்காய்ப் பொரியல், பாயசம். சாம்பாரில் ஒவ்வொரு வெங்காயமும் எனக்குத் தெரிந்த ஆளாக இருந்தது. லதா வேலை முடிந்து நேராக வந்துவிட்டாள். அவளுக்கு என் கையால் பரிமாறினேன், சரியாக நன்றி சொல்லத் தெரியாமல் இரண்டு தடவை பாயசம் ஊற்றினேன். சாயங்காலம் அம்மன் ஊர்வலம். வாழை மரமும் மின்விளக்கும் கட்டி அம்மனைத் தூக்கி வைத்திருந்தார்கள், பார்த்தால் எங்களை இழுத்த அதே டிராக்டர். அம்மனுக்கு முன்னால் நமக்குத்தான் அந்த மரியாதை என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைய இரவு கோயில் திடலிலேயே, கமிட்டியிடம் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தித் தூங்கினோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது குணா கையில் ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்தார். கோயில் சுவருக்கு அடித்து மீந்த சிவப்புச் சாயம். டேங்க் மூடியைத் துடைத்து, தூரிகையை எடுத்து, நிதானமாகத் தமிழில் எழுதினார்: டீசல் மட்டும், அக்கா.

பத்து மணிக்கு கிளேபாங்கில் ஆசிரியர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் தேவராஜா, யாழ்ப்பாணத்து வம்சம், எழுபதை நெருங்கும் வயது, கையில் குடையும் குறிப்பேடும். மரியாதையான மனிதர். வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் முந்திக்கொண்டேன். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் வரும், மத்தியானத்தில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும், மழை வந்தால் கூரை ஒழுகும் என்றேன். கூரை ஒழுகாது சார், நானே இரண்டு தடவை சிலிக்கான் அடித்திருக்கிறேன் என்றார் இவர். பின்கதவு சில நேரம் மாட்டிக்கொள்ளும் என்றேன். அது போன வருடம், இப்போது மாற்றியாச்சு என்றார். தண்ணீர்த் தொட்டி சின்னது என்று தொடங்கினேன். இவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். வண்டியைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன், விற்கப் போகிறவர் நியாயத்துக்காக அதைத் தூக்கிப் பேசுகிறார் என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

ஆசிரியர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டேங்க் மூடிப் பக்கம் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அக்கா யார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மஞ்சள் குழாய், ஒலிபெருக்கி, டிராக்டர், எட்டுக் கிலோ வெங்காயம், பார்வதி அக்கா கேட்ட கேள்வி. அவர் குறிப்பேட்டை மூடினார்.

"அம்மா, நீங்கள் இதை விக்க வந்தனீங்களோ, விக்காமல் இருக்க வந்தனீங்களோ?"

"விக்காம இருக்கத்தான் சார்," என்றேன். "மன்னிச்சிருங்க. உங்கள அலைய வச்சிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பத்து நிமிட ஓட்டம்தான், கடல் பார்த்த மாதிரி ஆயிற்று என்று சொல்லிவிட்டு, எங்களைக் காசெடுக்க விடாமல் மூன்று தேங்காய் ஷேக் வாங்கினார். போகும்போது இவர் கையைக் குலுக்கி, வண்டியை நல்லாப் பாருங்கோ என்றார்.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போட்டார், வண்டியை எடுக்கவில்லை. ரூல்ஸ் என்னாச்சு என்று கேட்டார். போட்டது நான்தானே, எடுப்பதும் நான்தான் என்றேன். கையை நீட்டி ஏர்கோனைத் திருகினேன். நான்கு நாளில் முதல் தடவை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். தேங்க்ஸ் விஜி என்று சொன்னார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையெல்லாம் பழக்கமில்லை.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்கு, எங்கள் கணக்கை மறைக்காமல் தருகிறேன். டீசல் மொத்தம் 260 வெள்ளி: முதலில் 150, பட்டறையில் இரண்டாம் தடவை 110. நான் வீணாக்கிய பெட்ரோல் 50. ஃபில்டர் 35. சாப்பாடும் தேநீரும் நான்கு நாளைக்கு 96, கோயில் உண்டியலில் போட்டது எங்களுக்குள் இருக்கட்டும். தங்கியதற்குச் செலவில்லை, மூன்று இரவும் கேட்டுத்தான் நிறுத்தினோம், கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கடலோரச் சாலை மெதுவானது, ஆனால் டோல் கிடையாது, காலை ஏழுக்கு முன் கிளம்பினால் வெயிலும் தெரியாது. தண்ணீரைப் பாதித் தொட்டி மட்டும் நிரப்புங்கள், மலாக்காவில் எங்கும் கிடைக்கும், இதில் இவர் சொன்னது சரிதான். தப்பான எண்ணெய் போட்டுவிட்டால் எந்தக் காரணத்துக்கும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைக்கூடப் போடாமல், கல்லாவில் இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இனி தூரத்தைக் குறைத்துக்கொண்டு ஆளைக் கூட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். நாற்பது நாள் சுற்று இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக, நடு இருக்கைக்கு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கிழக்குக் கரையை மட்டும் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பார்வதி அக்காவிடம் போனில் சொன்னேன். வெங்காயம் கொண்டு வரணுமா என்றுதான் முதலில் கேட்டார். கோத்தா பாருவில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று இவருக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில்தான் இவர் எப்போதும் பஸ்ஸின் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார். இந்த முறை திறந்து வைக்கட்டும்.

குணா எழுதிய எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. போன ஞாயிறும் வண்டியைக் கழுவினோம். அந்த இடம் வந்ததும், இங்கே சோப்பு போடாதே, எழுத்து போய்விடும் என்று சொல்லி, இவர் ஈரத் துணியால் மெல்லத் துடைத்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தது நான்.